வெட்டுக்கு முன் ஒரு புத்தி, வெட்டுக்குப் பின் ஒரு புத்தியா?

"எத்தனை தடவை சொன்னாலும் நம்ம ஆளுங்க கேக்க மாட்டேங்கறாங்க." நம் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் வருத்தம் இது. பயிற்சிக்கு வந்து ஜீவாமிர்தம் தயாரிக்கக் கற்றுக்கொண்டவரே, பயிரில் பூச்சி தெரிந்ததும் கடனுக்கு மருந்து வாங்கி அடித்துவிடுகிறார். அறியாமை, சோம்பல் என்று நாமும் பேர் வைத்துவிடுகிறோம்.

அது சரிதானா? விழுப்புரம், திருவண்ணாமலை பக்கத்துக் கரும்பு விவசாயிகளிடம் நடந்த ஓர் ஆய்வைப் படித்தால் நம் பேச்சு மாறும். மனிதர்கள் உண்மையில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று பார்க்கும் துறைக்கு நடத்தைப் பொருளாதாரம் என்று பெயர். அதில் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வரும் செய்த இந்த ஆய்வு 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. ஜாவ் அப்போதுதான் முனைவர் பட்டப் படிப்பை முடித்த இளைஞர்.

54 கிராமங்களில் 464 சிறு விவசாயிகள். ஒவ்வொருவருக்கும் கரும்பு வெட்டுக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை சின்னச் சின்னச் சோதனை. வரிசையில் விடுபட்ட படத்தைக் கண்டுபிடிப்பது ஒன்று. '5 5 5' என்று எழுதிக் காட்டி, இதில் எத்தனை எண்கள் என்று கேட்பது இன்னொன்று. ஐந்து என்று வாய் வரும். மூன்று என்று சொல்ல வேண்டும்.

கரும்பை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? ஆலை எல்லோருக்கும் ஒரே நாளில் கட்டிங் ஆர்டர் தருவதில்லை. ஒரே மாதத்தில் ஒருவர் பணம் வாங்கியிருப்பார், அடுத்த வயல்காரர் காத்திருப்பார். ஆகவே வித்தியாசத்துக்கு வெயிலையும் மழையையும் காரணம் சொல்ல முடியாது.

வெட்டுக்கு முன் 78 சதவீதம் பேர் பொருளை அடகு வைத்திருந்தார்கள். பின்னர் 4 சதவீதம் பேர்தான். சோதனையிலும் அதே கதை. பணம் வந்தபின் அதே ஆள் கூடுதலாகச் சரியான விடை சொன்னார், வேகமாகவும் சொன்னார். இடையில் அவர் எதுவும் படித்துவிடவில்லை. தலையில் இருந்த பாரம் இறங்கியது, அவ்வளவுதான்.

வங்கியில் நகைக்கடன் கவுண்டரில் இருந்தவன் என்பதால் எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. ஜோடிக் கம்மலைக் கொண்டுவந்து வைக்கிறவரிடம் வட்டி விகிதத்தையும் கெடுத் தேதியையும் விளக்கினால், "சரிங்க சார், எங்க கையெழுத்துப் போடணும்?" என்பார். அவர் மனசு பள்ளிக்கூடக் கட்டணத்தில் இருக்கும்.

இதே துறையில் எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர், ஜோனத்தன் ராபின்சன் மூவரும் மேற்குக் கென்யாவின் மக்காச்சோள விவசாயிகளிடம் செய்த ஆய்வு 2011-இல் வந்தது. அங்கே உரம் போட வேண்டும் என்று எண்ணியவர்களிடமும் போட வேண்டிய நேரத்தில் காசு இருக்காது. ஆகவே அறுவடை முடிந்த கையோடு வீடு தேடிப் போனார்கள். "இப்பவே முழு விலையைக் கொடுங்க, வேணும்கிறப்ப வீட்டுக்கே வந்துடும்" என்றார்கள். வாங்கியவர் எண்ணிக்கை நன்றாகக் கூடியது. பின்னால் பாதி விலைக்குத் தந்தபோது கிடைத்த பலனுக்கு அது ஏறத்தாழச் சமம். அவர்கள் விற்றது ரசாயன உரம். அது நமக்கு வேண்டாம். நேரம் பார்த்துப் போன அந்த யோசனையை எடுத்துக்கொள்ளலாம்.

ஓர் ஆய்வையே வேதவாக்காகக் கொள்ளவும் கூடாது. அமெரிக்காவில் குறைந்த வருமானக்காரர்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்து 2016-இல் வந்த இன்னோர் ஆய்வில் இப்படி வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் சம்பளம் குறித்த தேதியில் வந்துவிடும். கரும்புப் பணம் அப்படியா வருகிறது?

நம் குழுக்கள் மூன்று காரியம் செய்யலாம். பயிற்சியை அறுவடைப் பணம் கைக்கு வந்த வாரங்களில் வையுங்கள். அடுத்த பட்டத்துக்கான தக்கைப்பூண்டு விதை, வேப்பம் புண்ணாக்குக்கு அப்போதே குழுவில் பணம் கட்டச் சொல்லுங்கள். பூச்சிவிரட்டியை முன்கூட்டியே தயாரித்துக் குழுவில் இருப்பு வையுங்கள். பூச்சி வந்த அன்று இலை தேடி அலையச் சொன்னால் அவர் கடைக்குத்தான் போவார். கறிவேப்பிலை, கீரை, பால் என்று வாரம் நாலு காசு வருகிற வழியும் தலைப்பாரத்தைக் குறைக்கும்.

மாற மறுக்கிறவரிடம் அடுத்த முறை பேசப் போகும்போது, அவர் வீட்டு நகை எங்கே இருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டு பேசுவோம்.