பாதியில் நின்ற 200 ரிங்கிட்

கோலாலம்பூரில் வேலை செய்யும் மகன், ஈப்போவில் இருக்கும் தன் தாயாருக்குக் கைப்பேசி வழியாக 200 ரிங்கிட் அனுப்புகிறான். இருவருக்கும் ஒரே வங்கியில்தான் கணக்கு. மகனைப் பொறுத்தவரை அது ஒரே ஒரு வேலை. வங்கியின் கணினிக்கோ இரண்டு வேலைகள். முதலில் மகனின் கணக்கிலிருந்து 200 ரிங்கிட்டைக் கழிக்க வேண்டும். பிறகு தாயாரின் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டும். கழித்த பிறகு, சேர்ப்பதற்கு முன் மின்சாரம் தடைப்பட்டால் அந்தப் பணம் எங்கே போகும்?

எங்கும் போகாது. கணக்கு விவரங்களைக் காக்கும் தரவுத்தளம், இரண்டு வேலைகளையும் ஒரே பரிவர்த்தனையாகக் கருதுகிறது. இரண்டும் நிறைவேறிய பின்னரே அது மாற்றங்களை உறுதிப்படுத்தும். இதனைக் 'கமிட்' என்பர். இடையில் தடங்கல் ஏற்பட்டால், அதுவரை செய்த மாற்றங்களை நீக்கிவிட்டுப் பழைய நிலைக்கே திரும்பும். இது 'ரோல்பேக்' எனப்படும்.

மாற்றிய எண்ணின் பழைய மதிப்பு கணினிக்கு எப்படித் தெரியும்? கணக்குப் புத்தகத்தில் ஓர் எண்ணை அழித்து வேறு எண்ணை எழுதினால், முன்பு இருந்தது தெரியாமல் போய்விடும் அல்லவா? அதனால்தான், சேமிப்பு வட்டில் உள்ள கணக்கை மாற்றுவதற்கு முன்பே, '500 இருந்தது. 300 ஆகிறது' என்பதைத் தரவுத்தளம் தனிப் பதிவேடு ஒன்றில் எழுதிவிடுகிறது. இந்த வரிசை மாறவே கூடாது. மின்சாரம் திரும்பியதும் கணினி அந்தப் பதிவேட்டைப் படிக்கிறது. உறுதிப்படுத்தப்படாத மாற்றங்களைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக நீக்குகிறது. உறுதிப்படுத்தப்பட்டும் வட்டில் எழுதப்படாமல் விடுபட்டவற்றை மீண்டும் செய்து முடிக்கிறது. மகனின் கணக்கில் மறுபடியும் 500 ரிங்கிட் இருக்கும்.

இம்முறைக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர் அமெரிக்கக் கணினி அறிஞர் ஜிம் கிரே. 1970களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பரிவர்த்தனைகளைப் பற்றி ஆராய்ந்த இவருக்கு, 1998ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது வழங்கப்பட்டது.

ஆனால், உறுதிப்படுத்திய பிறகு ரோல்பேக் உதவாது. மகன் அவசரத்தில் வேறொருவரின் கணக்கு எண்ணைத் தட்டிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். கணினியின் பார்வையில் அதில் பிழையே இல்லை. இரண்டு வேலைகளும் ஒழுங்காக முடிந்துவிட்டன. இனி அவன் வங்கியைத்தான் நாட வேண்டும். பணம் திரும்பக் கிடைத்தாலும், அது இன்னொரு புதிய பரிவர்த்தனையாகவே வந்து சேரும்.