நிதானக் கிருமியை வென்ற சென்னை வீடுகள்

சென்னை மின்சார ரயிலில் குரோம்பேட்டையைத் தாண்டினால், தாம்பரத்துக்கு முன்னால் ஒரு நிறுத்தம் வரும்: தாம்பரம் சானடோரியம். தினமும் அங்கே ஏறி இறங்கும் மாணவர்களில் பலர் அதை ஏதோ ஒரு பேட்டையின் பெயர் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஒரு நோய் விட்டுச் சென்ற பெயர் அது. 1928-இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக அங்கே ஒரு சானடோரியம் தொடங்கினார். அதுதான் இன்று அரசின் நெஞ்சக நோய் மருத்துவமனையாக வளர்ந்து நிற்கிறது.

அந்தக் காலத்தில் காசநோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, வெயில், ஓய்வு, பால், முட்டை ஆகியவைதான் வைத்தியம். எலும்புருக்கி என்றும் க்ஷயம் என்றும் பெயர் சொல்லவே அஞ்சினார்கள். வசதியுள்ளவர்கள் நோயாளியைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். வசதியில்லாதவர்கள் திண்ணையிலோ கொல்லைப்புறத்திலோ தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்கி வைத்தார்கள். தமிழ்ச் சிறுகதையின் திசையை மாற்றிய புதுமைப்பித்தனை 1948-இல், 42 வயதில், கொண்டுபோனது இதே நோய்தான்.

இன்று மருந்து இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனாலும் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2023-இல் மட்டும் உலகெங்கும் சுமார் 1 கோடியே 8 லட்சம் பேருக்குக் காசநோய் வந்தது, சுமார் 12.5 லட்சம் பேர் இறந்தார்கள். நோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியர். மருந்து கையில் இருந்தும் ஏன் இந்த நிலை? அந்தக் கிருமியின் குணத்தைப் புரிந்துகொண்டால் விடை கிடைக்கும்.

இருபது நிமிஷமும் இருபது மணி நேரமும்

நம் குடலில் வாழும் ஈ.கோலை போன்ற பாக்டீரியா வசதியான இடம் கிடைத்தால் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். காசநோய்க் கிருமி அப்படிப் பிரிய ஏறக்குறைய இருபது மணி நேரம் எடுத்துக்கொள்ளும். இன்று காலை ஒன்றாக இருந்தது, நாளைக் காலைக்குள் இரண்டாகியிருந்தால் அதிகம். பையத் தின்றால் பனையையும் தின்னலாம் என்பார்கள். இந்தக் கிருமி நுரையீரலைத் தின்பது அப்படித்தான்.

இதைப் பிடிப்பதற்கே ஒரு பொறுமைசாலி வேண்டியிருந்தது. மற்ற பாக்டீரியாக்கள் ஓரிரு நாளில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்துவிடும். இந்தக் கிருமி இரண்டாவது வாரத்தில்தான் சோதனைக் குழாயில் தலைகாட்டியது. அதுவரை காத்திருந்தவர் ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் காக். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அவர் இதை அறிவித்தார். அதனால்தான் மார்ச் 24 இன்றும் உலகக் காசநோய் நாள்.

நோயாளி இருமும்போது, பேசும்போது, பாடும்போதுகூட நுண்துளிகள் வெளியே வருகின்றன. அவற்றின் ஈரம் காய்ந்தபின் மிஞ்சும் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. காற்றோட்டம் இல்லாத அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். அவற்றைச் சுவாசிப்பவரின் நுரையீரலில், காற்றறைகள் வரைக்கும் கிருமி போய்ச் சேர்கிறது. அங்கே காவலுக்கு நிற்கும் செல்கள் அதை விழுங்கிவிடும். மற்ற கிருமிகள் அதோடு முடிந்துபோகும். இதுவோ மெழுகு போன்ற தடித்த மேலுறையைப் போர்த்திக்கொண்டு, விழுங்கிய செல்லுக்குள்ளேயே குடித்தனம் தொடங்கிவிடுகிறது.

உடம்பு சும்மா இருப்பதில்லை. இன்னும் பல செல்களை அனுப்பிக் கிருமியைச் சுற்றிச் சுவர் எழுப்புகிறது. பெரும்பாலானவர்களுக்கு அந்தச் சுவர் ஆயுள் முழுவதும் தாங்கிவிடும். கிருமி உள்ளே சென்ற நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்கே வாழ்நாளில் எப்போதாவது நோய் வரும். சத்துக் குறைவு, சர்க்கரை நோய், எச்.ஐ.வி., புகை, மது போன்றவை சுவரை இளக்கினால், பல ஆண்டுகள் உறங்கிய கிருமி எழுந்துவிடும்.

தோளில் பி.சி.ஜி. தழும்பு இருப்பதால் பயமில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தத் தடுப்பூசி குழந்தைகளை மூளைக் காசநோய் போன்ற கொடிய வகைகளிலிருந்து காக்கிறது. கட்டாயம் போட வேண்டும். ஆனால் 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கி, லட்சக்கணக்கான மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பெரும் ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று தெரியவந்தது.

நீலத்தில் சிவப்புக் குச்சிகள்

ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஆய்வகத்தில் நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இந்தக் கிருமியின் பிடிவாதம் புரியும். காலையில் எழுந்ததும் ஆழமாக இருமி எடுத்த சளியை நோயாளி சிறு டப்பாவில் கொண்டுவருகிறார். வெறும் எச்சில் போதாது. நெஞ்சிலிருந்து வந்த சளி வேண்டும். ஆய்வக நுட்புநர் அதை ஈர்க்குச்சியால் கண்ணாடித் தகட்டில் மெல்லிசாகத் தேய்த்துக் காயவைக்கிறார். சிவப்புச் சாயத்தை ஊற்றி, ஆவி கிளம்பும்வரை கீழே சூடு காட்டுகிறார். மெழுகு உறைக்குள் சாயம் நுழைய அந்தச் சூடு தேவை. பிறகு கந்தக அமிலத்தால் கழுவுகிறார். அமிலம் பட்டதும் மற்ற எல்லாவற்றின் சிவப்பும் கரைந்துபோகும். காசநோய்க் கிருமி மட்டும் வாங்கிய சாயத்தை விடாது. கடைசியில் நீலச் சாயம்.

நுண்ணோக்கியில் ஆயிரம் மடங்கு பெருக்கிப் பார்த்தால், நீலப் பரப்பில் மெல்லிய சிவப்புக் குச்சிகள் சற்றே வளைந்து கிடக்கும். ஒரு மில்லிலிட்டர் சளியில் ஐயாயிரம், பத்தாயிரம் கிருமிகளாவது இருந்தால்தான் இந்த முறையில் கண்ணில் படும். அதற்குக் குறைவாக இருந்தாலும் கிருமியின் மரபணுவைத் தேடிப் பிடிக்கும் சிபிநாட், ட்ரூநாட் கருவிகள் இப்போது வந்திருக்கின்றன. முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் அந்தக் கிருமியிடம் எடுபடுமா என்பதையும் அவை சில மணி நேரத்தில் சொல்லிவிடும்.

193 பேர்

முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரே மருந்தைக் கொடுத்தபோது நோயாளிகள் தேறினார்கள். ஆனால் சில மாதங்களில், அந்த மருந்துக்கு அசையாத கிருமிகள் பெருகிவிட்டன. இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் கிருமி தப்ப முடியாது என்பது விரைவில் தெரிந்தது. 1952-இல் விலை மலிவான ஐசோனியசிட் மாத்திரையும் வந்தது.

அப்போது இந்தியாவுக்கு முன்னால் ஒரு கேள்வி நின்றது. லட்சக்கணக்கான நோயாளிகளுக்குச் சானடோரியப் படுக்கைக்கு எங்கே போவது? வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தால் என்ன? மருத்துவ உலகம் தயங்கியது. ஓய்வும் நல்ல சாப்பாடும் இல்லாமல் நோய் எப்படித் தீரும், வீட்டில் உள்ள குழந்தைகளுக்குத் தொற்றாதா என்று கேட்டார்கள்.

விடை தேட, 1956-இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கைகோத்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் ஆய்வை முன்னின்று நடத்தினார். நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது. மறுபாதி நெருக்கடியான சிறு வீடுகளிலேயே இருந்தது. இரு சாராருக்கும் ஒரே மாதிரியான மருந்துகள், ஓராண்டுக்கு.

1959-இல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டில் இருந்தவர்களில் 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அந்தச் சிறு வித்தியாசமும் மறைந்திருந்தது. வீட்டிலிருந்த நோயாளிகளின் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. பெரும்பாலான தொற்று, நோயைக் கண்டுபிடிக்கும் முன்பே நடந்துவிடுகிறது; மருந்து ஆரம்பித்ததும் பரப்பும் சக்தி வேகமாகக் குறைந்துவிடுகிறது. சென்னையின் இந்த முடிவு உலகம் முழுவதும் சிகிச்சை முறையை மாற்றியது. சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வந்தது. அந்த மையம்தான் சேத்துப்பட்டில் இன்றும் இயங்கும் தேசியக் காசநோய் ஆய்வு நிறுவனம்.

மூன்றாம் மாதத்துச் சோதனை

வீட்டு வைத்தியத்தில் ஒரு சிக்கலையும் அதே ஆய்வாளர்கள் கண்டார்கள். திடீரென்று வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். சிலர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பொறுப்பான ஒருவர் பார்க்க மருந்தை விழுங்கவைக்கும் முறை இந்த அனுபவத்திலிருந்துதான் வளர்ந்தது. பின்னாளில் உலகெங்கும் டாட்ஸ் என்று பரவிய திட்டத்துக்கு இதுவே வேர்.

இன்றைய சிகிச்சை பொதுவாக ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் அதில் மூன்று. ரிஃபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். ரத்தமோ என்று பயந்து நிறுத்துகிறவர்கள் உண்டு. அது மாத்திரையின் நிறம் மட்டுமே. அதைவிடப் பெரிய ஆபத்து உடம்பு தேறுவதுதான். சில வாரங்களில் காய்ச்சல் விடும், இருமல் அடங்கும், பசி எடுக்கும், எடை ஏறும். "நல்லாயிட்டேன், இனி எதுக்கு மாத்திரை?" என்று மூன்றாம் மாதத்தில் தோன்றும். வேகமாகப் பெருகும் கிருமிகள் முதலில் செத்துவிடும். மந்தமாக ஒதுங்கிக் கிடப்பவை மிஞ்சியிருக்கும். நிதானமான கிருமியை ஒழிக்க நிதானமான வைத்தியம்தான் வழி. பாதியில் விட்டால் நோய் திரும்பலாம். மருந்துக்கு அடங்காத வகையாகவும் மாறலாம்.

சோறும் மருந்துதான்

ஜார்க்கண்டில் நடந்து, 2023-இல் வெளியான ரேஷன்ஸ் என்ற ஆய்வில், நோயாளியின் குடும்பத்துக்கே அரிசியும் பருப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். உணவு கிடைத்த குடும்பங்களில் புதிதாக நோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்', நோய் தெரிந்தவுடனேயே எடை, மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், துணையின்றி நிற்க முடிகிறதா என்பதைப் பார்த்து, மிகவும் நலிந்தவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறது. சிகிச்சைக் காலத்தில் மாதாமாதம் வங்கிக் கணக்கில் வரும் சத்துணவுத் தொகையும் 2024-இல் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. இவை நோயாளியின் உரிமை; கேட்டு வாங்குங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், சாயங்காலக் காய்ச்சல் வந்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், இருமல் மருந்து வாங்கிக் காலம் கடத்தாதீர்கள். அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்தில் சளியைக் கொடுத்துச் சோதியுங்கள். நோய் என்று தெரிந்தால் வீட்டில் உள்ளவர்களையும் சோதிக்கச் சொல்லுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். ஆறு மாத மாத்திரையில் ஒரு நாளையும் விடாதீர்கள். வீட்டில் நோயாளி இருந்தால் தனித் தட்டு எதற்கு? இந்த நோய் தட்டில் பரவுவதில்லை. அவரை ஒதுக்கி வைத்தால் நோயை மறைப்பார். மறைத்தால் மருந்தை விடுவார். சுமார் எழுபது ஆண்டுகளுக்கு முன் சென்னையின் ஒண்டுக்குடித்தனக் குடும்பங்கள் தங்கள் நோயாளியை வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றிக் காட்டின. மருந்தும் வசதியும் கூடியிருக்கும் இந்தக் காலத்தில் நம்மாலும் அது முடியும்.