பிரேக்கில் கரையும் பெட்ரோல்!

ஓசூர் வழியாகப் பெங்களூரு போயிருக்கிறீர்களா? தமிழ்நாட்டு எல்லையில் ஜூஜுவாடி வரும். அதைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. சிப்காட் தொழிற்சாலைகளுக்கு வரும் லாரிகள், கம்பெனி பஸ்கள், கார்கள், பைக்குகள் என்று சாலையே நிரம்பி வழியும். பத்தடி நகர்வது, நிற்பது, மறுபடியும் பத்தடி நகர்வது... ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு வேடிக்கை. வண்டி ஓட்டும் அப்பாவுக்கோ கவலை! வண்டி நகராமல் நின்றாலும், இன்ஜின் ஓடினால் பெட்ரோல் தீர்ந்துகொண்டே இருக்குமே.

அந்த நெரிசலில் சில கார்கள் மட்டும் சத்தமே இல்லாமல் நிற்கும். மின்சாரக் கார் என்று நினைத்துவிடாதீர்கள். பெட்ரோல் போட்டு ஓடும் கார்களும் அவற்றில் உண்டு. அவற்றுக்குப் பெயர், 'ஹைபிரிட்' கார்!

இரட்டை மாட்டு வண்டி

ஹைபிரிட் காரை இரட்டை மாட்டு வண்டி போல நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாடு, பெட்ரோல் இன்ஜின். இன்னொரு மாடு, பேட்டரியில் ஓடும் மோட்டார். நெரிசலில் மெதுவாக ஊர்ந்து போக மோட்டார் மட்டும் போதும். மேடு ஏற, வேகம் பிடிக்க இரண்டும் சேர்ந்து இழுக்கும். நின்றுவிட்டால் இரண்டுக்கும் ஓய்வு.

ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் 1997-ல் 'பிரியஸ்' என்ற ஹைபிரிட் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் ஹைபிரிட் கார் அதுதான். பெங்களூருவைத் தாண்டி மைசூரு சாலையில் போனால் பிடதி என்ற ஊர் வரும். அங்குள்ள டொயோட்டா தொழிற்சாலையில் 2013-ல் 'கேம்ரி ஹைபிரிட்' கார்களைப் பூட்டத் தொடங்கினார்கள்.

சரி, இந்தக் கார்களின் பேட்டரிக்கு யார் சார்ஜ் போடுவது? இங்கேதான் வேடிக்கை இருக்கிறது!

டைனமோ ரகசியம்

தாத்தாவின் பழைய சைக்கிளில் டைனமோ பார்த்திருக்கிறீர்களா? சக்கரத்தோடு உரசிச் சுழன்று விளக்கை எரிய வைக்கும். டைனமோவைப் போட்டதும் பெடல் மிதிப்பது கொஞ்சம் கடினமாகிவிடும். ஏன் தெரியுமா? உங்கள் உழைப்பில் ஒரு பங்கு மின்சாரமாக மாறுகிறது.

ஹைபிரிட் காரின் மோட்டாரும் இதையே செய்கிறது. டிரைவர் பிரேக்கை லேசாக மிதித்ததும் மோட்டார் டைனமோவாக மாறிவிடும். சக்கரத்தின் ஓட்டத்தை வாங்கி மின்சாரமாக்கி பேட்டரியில் சேமிக்கும். காரின் வேகமும் குறையும். சாதாரணக் காரில் அந்தச் சக்தி முழுவதும் பிரேக்கில் வெறும் சூடாகிக் காற்றோடு போய்விடும். நாம் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல்தான் அப்படிச் சூடாகக் கரைகிறது!

ஒரு குட்டிக் கணக்கு

ஓசூர், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி ஏறத்தாழ 500 மீட்டர். அதாவது, ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வரும் கார் சுமார் 400 மீட்டர் கீழே இறங்குகிறது.

காரின் எடை 1,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எடை, புவியீர்ப்பு (10), உயரம் மூன்றையும் பெருக்குங்கள். 1,500 x 10 x 400 = 60 லட்சம் ஜூல்! கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஏறும்போது, இந்த உயரத்துக்காக மட்டுமே அரை லிட்டருக்கு மேல் பெட்ரோல் செலவாகும். இறங்கும்போது அந்தச் சக்தியில் கொஞ்சம் காற்றைக் கிழித்துக்கொண்டு போகவும், டயர் உருளவும் செலவாகிவிடும். மீதியைப் பிரேக்கில் சூடாக்குவதா, பேட்டரியில் சேர்ப்பதா என்பதுதான் கேள்வி.

ஆனால் ஒன்று, 100 ரூபாய் கொடுத்தால் 100 ரூபாயும் திரும்பி வராது. மின்சாரமாக மாறும்போதும், பேட்டரிக்குள் போய் வரும்போதும் கொஞ்சம் கழிந்துவிடும். அதனால் ஹைபிரிட் கார் ஓட்டுவதில் கெட்டிக்காரர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? கூடுமானவரை பிரேக் மிதிக்கத் தேவையே இல்லாதபடி ஓட்டுவார்கள்! தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தால் அப்போதே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார்கள். முன்னே போகும் வண்டிக்கு நல்ல இடைவெளி விடுவார்கள்.

காரையே மாற்றியவர்கள்

சிலருக்கு அதுவும் போதவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 'கால்கார்ஸ்' என்ற குழுவினர் 2004-ல் ஒரு பிரியஸ் காரில் கூடுதல் பேட்டரிகளைப் பொருத்தி, வீட்டு பிளக்கில் சார்ஜ் ஏற்றும்படி மாற்றினார்கள். 2012-ல் டொயோட்டாவே பிளக்கில் சார்ஜ் ஏற்றும் பிரியஸை விற்பனைக்கு விட்டது!

குளிர் நாடுகளில் சிலர் காரின் முன்பக்க கிரில்லை அடைத்து ஓட்டுவார்கள். குளிர்ந்த காற்று உள்ளே புகாததால் இன்ஜின் சீக்கிரம் சூடாகி, பெட்ரோல் மிச்சமாகும். நம் ஊர் கோடை வெயிலில் இப்படிச் செய்தால் இன்ஜின் கொதித்துவிடும்!

ஹைபிரிட் காரின் பேட்டரியில் 200 வோல்ட்டுக்கு மேல்கூட இருக்கும். தொட்டால் உயிருக்கே ஆபத்து. அதோடு, நம் நாட்டில் அனுமதி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் தடுக்கிறது. யாரும் செய்யக்கூடிய நல்ல மாற்றங்கள் வேறு இருக்கின்றன. டயரில் சரியான அளவு காற்று, டிக்கியில் கிடக்கும் வேண்டாத சுமையை இறக்குவது, மேலே சும்மா இருக்கும் கேரியரைக் கழற்றுவது... அவ்வளவுதான்!

பச்சை விளக்கு வாத்தியார்

ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டிவிஎஸ் நிறுவனம் 2013-ல் 'ஜூபிடர்' ஸ்கூட்டரை அறிமுகம் செய்தது. அதன் மீட்டரில் ஒரு பச்சை விளக்கு உண்டு. நிதானமாக ஓட்டினால் எரியும். சடாரென்று ஆக்சிலேட்டரை முறுக்கினால் அணைந்துவிடும். அந்தக் குட்டி விளக்கு, ஓட்டுபவரின் கைக்குப் பாடம் சொல்லும் வாத்தியார்!

2024-ல் வந்த புதிய ஜூபிடர் 110-ன் சில வகைகளில், வேகம் எடுக்கும்போது பேட்டரியும் இன்ஜினுக்குக் கை கொடுக்கிறது. இரட்டை மாட்டு வண்டித் தத்துவம் ஸ்கூட்டருக்கும் வந்துவிட்டது, பார்த்தீர்களா?

இந்தத் தவறு வேண்டவே வேண்டாம்!

ஜூஜுவாடியைத் தொட்டுச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44, கிருஷ்ணகிரி, தர்மபுரியைத் தாண்டி தொப்பூர் கணவாயில் இறங்குகிறது. அங்கே அடிக்கடி பெரிய விபத்துகள் நடக்கின்றன. எரிபொருளை மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் சிலர் இறக்கத்தில் வண்டியை 'நியூட்ரல்' செய்து ஓட்டுவதும் அதற்கு ஒரு காரணம்.

நியூட்ரலில் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் சூடாகிப் பிடிப்பை இழந்துவிடும். இன்ஜினையே அணைத்துவிட்டால் இன்னும் மோசம். லாரியின் பிரேக்குக்குத் தேவையான காற்றை அழுத்தித் தருவதே இன்ஜின்தான்!

இதில் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? இப்போது வரும் 'பியூயல் இன்ஜெக்ஷன்' கார்களில், கியரில் வைத்து ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால், இறக்கத்தில் இன்ஜினுக்கு எரிபொருள் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜினை ஓட வைக்க எரிபொருள் செலவாகும். மிச்சமும் இல்லை, உயிருக்கும் ஆபத்து!

நீங்களே செய்து பாருங்கள்

* வீட்டு வண்டிக்கு ஒரு 'மைலேஜ் நோட்டு' போடுங்கள். டேங்க் நிரப்பியதும் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நிரப்பும்போது ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுங்கள். 180 கி.மீ. ஓடி, 4 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 45.

* அடுத்த டேங்க் முழுவதும் நிதானமாக ஓட்டச் சொல்லுங்கள். மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகம் நல்லது என்று பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் சொல்கிறது. மறுபடியும் வகுத்து, இரண்டு விடைகளையும் ஒப்பிடுங்கள்.

* வண்டி ஓடாத பத்திரமான தெருவில், சைக்கிளில் போகும்போது, வேகத்தடைக்குக் கொஞ்சம் முன்பே மிதிப்பதை நிறுத்திப் பாருங்கள். பிரேக் பிடிக்காமலே வேகம் குறையும். கால் வலியும் மிச்சம்!

ஒரே ஒரு நிபந்தனை. வண்டி ஓடும்போது, 'பிரேக் பிடிக்காதே அப்பா' என்று மட்டும் கத்தாதீர்கள்! குறுக்கே யாராவது வந்தால் பிரேக்கை அழுத்தித்தான் ஆக வேண்டும். உங்கள் மைலேஜ் பாடத்தையெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு நோட்டைக் காட்டிச் சொல்லுங்கள்.

என்ன குட்டீஸ், நோட்டும் பேனாவும் தயாரா?