ஜாவரை அழைத்து வந்தவர்

மானகிரியில் எங்கள் வீட்டில் பழைய படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பேத்தி கேட்டாள்: “ஐயா, ஜாவர் சீதாராமன்னு போட்டிருக்கே, ஜாவர்ங்கிறது எந்த ஊரு?”

ஊரன்று, பிரெஞ்சுப் பெயர். விக்தோர் யூகோ 1862இல் வெளியிட்ட நாவலில், சிறை மீண்ட ஒருவனை விடாது துரத்தும் காவல் அதிகாரியின் பெயர். 1950இல் கே. ராம்நாத் இயக்கிய ‘ஏழை படும் பாடு’ படத்தில் அந்த வேடம் ஏற்றதால் அது சீதாராமனுக்கு அடைமொழியாயிற்று. துரத்தப்பட்டவராக நடித்தவர் நாகையா. பிரெஞ்சு அதிகாரியின் பெயர் தமிழில் நிலைத்துவிட்டது. அவரை இங்கே அழைத்து வந்தவரின் பெயரோ, பிறந்த மாவட்டத்திலேயே மங்கிவருகிறது.

அவர் கவியோகி சுத்தானந்த பாரதியார். 1897இல் சிவகங்கையில் பிறந்தவர். இயற்பெயர் வேங்கட சுப்பிரமணியன். சேரன்மாதேவி குருகுலத்தில் வ.வே.சு. ஐயரோடு ‘பாலபாரதி’ இதழில் பணியாற்றினார். பின்னர் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மௌன விரதம் காத்தார். வாய் பேசாத அக்காலத்தில்தான் அவருடைய பேனா மிகுதியாகப் பேசியது. ‘பாரத சக்தி’ என்னும் பெருங்காப்பியம் உருவானதும் அங்கேதான். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் இராசராசன் விருது 1984இல் அதற்குக் கிடைத்தது.

எனக்கு அந்தக் காப்பியத்தைவிட நெருக்கமானது அவருடைய மொழிபெயர்ப்பு. யூகோவின் தலைப்பு, துயருற்றோர் எனப் பலரைச் சுட்டும் ஒற்றைச் சொல். அதை அப்படியே தமிழில் வைத்திருந்தால் நூலகத் தட்டோடு நின்றிருக்கும். அவரோ பலரை ஓர் ஏழையாக்கி, ‘படும் பாடு’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பெருமூச்சோடு சொல்லும் சொற்களைச் சேர்த்தார். படம் எடுத்தவர்களும் தலைப்பை மாற்றவில்லை.

எல்லா இடத்திலும் அவர் வென்றதாகச் சொல்லமாட்டேன். சிறுவயதில் வாய் சிதைக்கப்பட்டு, என்றும் சிரிப்பது போன்ற முகத்தோடு வாழ நேர்ந்தவனின் கதையை ‘இளிச்சவாயன்’ என்றார். உருவத்துக்குப் பொருந்தும் சொல்தான். ஆனால், ஏமாளி என்ற பொருளும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறதே! அவன் ஏமாளி அல்லன், பிரபுக்கள் அவையில் எழுந்து ஏழைகளுக்காகப் பேசியவன். இருந்தும், வேறு தலைப்பை நானே தேடிப் பார்த்து அகப்படாமல் விட்டிருக்கிறேன்.

அவர் திருக்குறளை ஆங்கிலக் கவிதையாக்கிப் புறவுலகுக்கும் அனுப்பினார். இறுதிக் காலத்தில் சிவகங்கையை அடுத்த சோழபுரத்தில் யோக சமாஜத்தையும் பள்ளியையும் நிறுவி, 1990இல் மறைந்தார்.

பேத்திக்காக ‘ஏழை படும் பாடு’ நூலை நூலகம் ஒன்றில் கேட்டேன். “படத்தின் குறுந்தகடா?” என்றார் அங்கிருந்தவர். என்னிடம் எஞ்சியிருப்பது முதுகு பிரிந்த பழைய படி ஒன்று. இரவுதோறும் சில பக்கங்கள் வாசித்துக் காட்டுகிறேன். வெள்ளி விளக்குத் தண்டுகளைப் பாதிரியார் கொடுத்தனுப்பும் இடம்வரை வந்திருக்கிறோம். திருடியவனுக்கே ஏன் கொடுத்தார் என்று அவள் இரண்டு நாள்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.