இரண்டு எட்டுகளும் ஒரு சட்டமும்

புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் தொகுதியின் உறுப்பினராக இருந்த எஸ். ரகுபதி, சட்ட அமைச்சராக இருந்தபோது 2022 அக்டோபரில் பேரவையில் கொண்டுவந்த இணையவழிச் சூதாட்டத் தடை மசோதாவின் அட்டவணையில் இரண்டே ஆட்டங்களின் பெயர் இருந்தது: ரம்மி, போக்கர். ஆளுநர் திருப்பி அனுப்ப, பேரவை மறுபடியும் நிறைவேற்ற, 2023 ஏப்ரலில் அது சட்டமானது. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லி, அந்த அட்டவணையை மட்டும் ரத்து செய்தது. இரண்டும் திறமையாட்டங்கள் என்பது காரணம். ரம்மியில் திறமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1968-லேயே சொல்லிவிட்டது. ஆடிப் பழகியவர்களுக்கும் அது தெரியும். போக்கர் நமக்குப் புதிது. அதில் திறமை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் தடை சரியா தவறா என்று பேசுவது வீண்பேச்சு. திறமை உண்டு என்று நீதிமன்றம் சொன்னது சரி. ஆனால் திறமை இருப்பதாலேயே பணம் வைத்து ஆட விட்டுவிடலாம் என்ற முடிவுக்கு அதிலிருந்து போக முடியாது என்பது என் வாதம்.

இருவர் மட்டும் நேருக்கு நேர் ஆடும் போக்கரை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு இரண்டு சீட்டு, மூடியபடி. பிறகு நடுவில் பொதுவாக மூன்று சீட்டு திறக்கப்படும். அதற்குப் பின் ஒன்று, மீண்டும் ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் ஏற்றலாம், ஈடு கட்டலாம், ரம்மிக்காரர்கள் 'ஸ்கூட்' விடுவதுபோல விலகலாம். உங்கள் கையில் இரண்டு எட்டு. ஏஸ் ஜோடி வந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, இரண்டாம் எண் ஜோடி வந்தாலும் பெரிதாக இல்லை. ஆறிலிருந்து ஒன்பதுவரை உள்ள நடுத்தர ஜோடிதான் ஆடுகிறவரைச் சோதிக்கும். எதிராளி ஒவ்வொரு கட்டத்திலும் பணத்தை அள்ளிப் போட்டு மிரட்டுகிற ஆளாக இருந்தால் சோதனை இரட்டிப்பாகும்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. நடுவில் மூன்று சீட்டு திறந்ததும், அதில் எட்டைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது இருக்க 100-க்கு 87 வாய்ப்பு. மூன்றாவது எட்டு வந்து கை பலப்பட 100-க்கு 12தான். ஆகவே பெரும்பாலும் ராஜாவோ ராணியோ நடுவில் கிடந்து முறைக்கும், எதிராளி பந்தயம் ஏற்றுவார், புதியவர் விலகிவிடுவார். ஒன்பது பேர் உட்கார்ந்த மேசையில் அந்தப் பயம் நியாயம். அங்கே உங்கள் எட்டைவிடப் பெரிய ஜோடி யாரிடமாவது இருக்க ஐந்தில் ஒன்றுக்கும் மேல் வாய்ப்பு உண்டு. எதிரே ஒரே ஒருவர் என்றால் அது 100-க்கு மூன்றுகூட இல்லை. ஜோடியில்லாத எந்த இரண்டு சீட்டை வைத்திருப்பவருக்கும் நடுவில் திறந்த மூன்றில் இணை கிடைப்பது மூன்றில் ஒரு முறைதான், அந்த இணையும் எட்டைவிடச் சிறியதாக இருக்கலாம். அப்படியிருக்க ஒவ்வொரு முறையும் பணம் போடுகிறவர் பாதிக்கு மேற்பட்ட தடவை வெறுங்கையோடுதான் மிரட்டுகிறார். நடுவில் 100 ரூபாய் கிடக்கிறது, அவர் இன்னும் 100 போடுகிறார் என்று வையுங்கள். 200-ஐ வெல்ல நீங்கள் 100 கட்டுகிறீர்கள். மூன்றில் ஒரு முறை உங்கள் கணிப்பு சரியாக இருந்தாலே நட்டமில்லை.

அப்படியானால் ஏற்றிப் போட்டு அவரையே விரட்டலாமே என்று கேட்கலாம். அங்கேதான் தேர்ந்தவரும் தேராதவரும் பிரிகிறார்கள். நீங்கள் ஏற்றினால் வெறுங்கை உள்ள எதிராளி விலகிக்கொள்வார். உங்களைவிடப் பலமான கை உள்ளவர் மட்டுமே நின்று கட்டுவார். ஈடு மட்டும் கட்டினால் அவர் வெறுங்கையோடு இன்னும் பணத்தைப் போட்டுக்கொண்டே இருப்பார். அதற்காக எப்போதும் கட்டிக்கொண்டிருக்கவும் கூடாது. நடுவில் ராஜா, ஐந்து, இரண்டு என்று தொடர்பில்லாமல் கிடந்தால் நிற்கலாம். ராஜா, ராணி, ஜாக்கி ஒரே வகையில் கிடந்தால் எட்டு ஜோடியைக் கவிழ்த்துவிட வேண்டும். முதல் கட்டத்தில் மட்டும் மிரட்டி அடுத்ததில் அடங்குகிறவர் வேறு, மூன்று கட்டமும் விடாமல் ஏற்றுகிறவர் வேறு. இவ்வளவையும் எடைபோட்டு எடுக்கிற முடிவைக் குருட்டதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது.

இதற்குப் பெரிய சான்று 2017 ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கிடைத்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் துவோமாஸ் சாண்ட்ஹோம், நோம் பிரவுன் இருவரும் உருவாக்கிய லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல், தேர்ந்த நான்கு ஆட்டக்காரர்களை இதே நேருக்கு நேர் போக்கரில் தோற்கடித்தது. வெறும் அதிர்ஷ்டமென்றால் நிரலுக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் அந்தப் போட்டி நடந்தது 20 நாள், 1,20,000 ஆட்டம். ஏன் அத்தனை? சில நூறு ஆட்டங்களில் சீட்டு விழுகிற விதம் திறமையை மூடி மறைத்துவிடும் என்பதால்தான்.

திறமையாட்டம் என்று சொல்லிப் பணப்பந்தயத்தை நியாயப்படுத்துவது இந்த இடத்தில் உடைகிறது. ஆறு முதல் ஒன்பது வரையிலான ஜோடி 55 ஆட்டத்துக்கு ஒரு முறைதான் வரும். அறந்தாங்கியிலோ ஆலங்குடியிலோ செல்போனில் இரவெல்லாம் 500 ஆட்டம் ஆடுகிறவருக்கு அது ஒன்பது முறை கிடைக்கலாம். எட்டு ஜோடி முன்பின் தெரியாத ஒரு கைக்கு எதிரே கடைசிவரை போனால் 100-க்கு 69 முறை வெல்லும், 31 முறை தோற்கும். அந்த ஒன்பதில் சரியாக முடிவெடுத்தும் மூன்றில் தோற்பது சாதாரணம். திறமை பலன் தரும்வரை தாக்குப்பிடிக்கிற கையிருப்பு சம்பளக்காரரிடம் இல்லை. இருவர் ஆட்டத்தில் ஒருவர் வெல்வது முழுக்க மற்றவர் தோற்ற பணம். அதிலும் நடத்துகிற நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. இருவரும் சம திறமைசாலிகள் என்றால் நாளடைவில் இருவருமே தோற்பார்கள். எதிரே மிரட்டுவது மனிதரா நிரலா என்றுகூட ஆடுகிறவருக்குத் தெரிய வழியில்லை.

தடை போட்டால் வெளிநாட்டுத் தளங்களுக்குப் போய்விடுவார்கள் என்ற ஆட்சேபத்தை நான் தள்ளிவிட மாட்டேன். சிலர் போவார்கள். ஆனால் வீட்டு வாசலில் கடை திறந்திருப்பதும் தேடிப்போய்ச் சுவரேறிக் குதிப்பதும் ஒன்றல்ல. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு எதுவானாலும் கூடாது என்கிறது. சரியான இடத்தில் கை வைத்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

போக்கர் கற்க வேண்டிய ஆட்டம்தான். கல்லூரி மாணவர்களுக்கு நிகழ்தகவைச் சொல்லித்தர இதைவிட நல்ல வழி குறைவு. புளியங்கொட்டையைப் பந்தயமாக வைத்து ஆடிப் பாருங்கள்; மேலே சொன்ன கணக்கில் ஒரு எண்கூட மாறாது.