குழுவேலையில் வசதிப்படுத்துநரின் பங்கு

மாணவர்களே! கணினியும் இணையமும் இருந்தால் மட்டும் குழுவேலை சிறப்பதில்லை. அவற்றின் பயனை அனைவருக்கும் கிடைக்கச் செய்பவரே வசதிப்படுத்துநர் ஆவார்.

உதாரணம்: மலையகத்தின் கொத்மலை சமுதாய வானொலி 1999 இல் யுனெஸ்கோவின் உதவியுடன் இணையத் திட்டமொன்றை ஆரம்பித்தது. நேயர்கள் கேள்விகளை அனுப்பினர். அறிவிப்பாளர்கள் இணையத்தில் விடை தேடி, மக்களின் மொழியில் விளக்கினர். கணினியைத் தொடாதவரும் பயன்பெற்றனர்.

கினிகத்தேனையில் ஐந்து மாணவர்கள் ஒரு செயற்றிட்டம் செய்வதாகக் கொள்வோம். ஒருவரிடம் கைத்தொலைபேசி இல்லை. வட்ஸ்அப்பில் மட்டும் கலந்துரையாடினால் அவர் விடுபடுவார். வசதிப்படுத்துநர் செய்ய வேண்டியவை:

1. வேலைகளைப் பகிர்ந்து, முடிக்கும் திகதியை எல்லோருக்கும் அறிவித்தல்.
2. கலந்துரையாடியதை அம்மாணவரிடம் நேரில் கூறி, அவரது கருத்தைக் குழுவுக்குத் தெரிவித்தல்.

நினைவிற் கொள்க: எல்லாவற்றையும் தானே செய்து முடிப்பவர் வசதிப்படுத்துநர் அல்லர்.