பாம்பன் கடலைப் பச்சையாக்கிய 'பூங்கோரை'

2019 செப்டம்பர். பாம்பன், மண்டபம் கரையோரம் கடல் திடீரெனப் பச்சை நிறமானது. யாரோ டின் டின்னாகப் பெயின்ட்டைக் கொட்டியது போலிருந்தது தண்ணீர். மறுபக்கம், செத்த மீன்கள் கரை ஒதுங்கின. ஏதாவது ரசாயனம் கலந்துவிட்டதோ என்றுகூடப் பேச்சு கிளம்பியது.

மீனவர்களுக்கு இது புதிதல்ல. 'பூங்கோரை' என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். 2008 அக்டோபரிலும் மன்னார் வளைகுடாவில் இதே கதை நடந்தது. விஞ்ஞானிகள் சொல்லும் பெயர் 'நாக்டிலூகா சிண்டிலான்ஸ்'. பாசி என்று பொதுவாகச் சொன்னாலும் இது ஒரே ஒரு செல்லால் ஆன உயிரி. ஊறவைத்த ஜவ்வரிசியைப் பல மடங்கு சுருக்கினால் எப்படியிருக்கும்? அப்படியொரு கண்ணாடி உருண்டை. கூடவே ஒரு குட்டி வால். பச்சை நிறம்கூட அதனுடையதல்ல, அதன் வயிற்றுக்குள் குடியிருக்கும் இன்னும் சிறிய பாசிகளுடையது! இரவில் அலை மோதும்போது நீல ஒளி வீசுவதும் இதே உயிரிதான்.

இவ்வளவு சின்ன உயிரி கடலையே எப்படி நிறம் மாற்றுகிறது? ஆணும் வேண்டாம், பெண்ணும் வேண்டாம். தன்னையே இரண்டாகப் பிரித்துக்கொள்ளும். முதலில் வாலை உள்ளிழுத்து முழு உருண்டையாகும். உள்ளே உட்கரு இரண்டாகும். பிறகு நடுவில் இடுப்பு சிறுத்து, இரண்டு துண்டாகும். இரண்டுக்கும் புது வால் முளைக்கும். 'தாய் எது, பிள்ளை எது' என்று கேட்டால் பதில் கிடையாது. நாளுக்கொரு முறை பிரிவதாக வைத்துக்கொண்டால், ஒன்றிலிருந்து பத்தாம் நாளில் 1,024. இருபதாம் நாளில் 10 லட்சத்தைத் தாண்டும். நிஜத்தில் வேகம் இதைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனால், தொடங்குவது ஒன்றிலிருந்து அல்லவே!

மொத்தமாகப் பெருகியவை மொத்தமாகச் சாகும்போதுதான் வினை. அவற்றை மட்கச் செய்யும் பாக்டீரியாக்கள் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடுகின்றன. செல்களுக்குள் சேர்ந்திருந்த அம்மோனியாவும் வெளியேறுகிறது. மீன்கள் மூச்சுத் திணறுகின்றன.

தப்பிக்க முடிந்த மீன்கள் வேறு பக்கம் நீந்திப் போயிருக்கும். பவளப்பாறைக்கு அந்த வழியில்லை. சிங்கிள் தீவு அருகே ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கி, கிளை கிளையாக வளரும் பவளங்கள் ஏராளமாகச் செத்ததாகத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலைய ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பவளமும் மொட்டு விட்டுத் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் உயிர்தான். ஆனால், அதன் கிளை ஓராண்டில் வளர்வது சில சென்டிமீட்டர். பூங்கோரை கலைந்து கடல் மறுபடி நீலமான பிறகும், செத்த கிளைகள் நீருக்கடியில் அப்படியே நின்றன.